ஹாஃப் ஒயிட் அடிக்கலாமா? வீட்டுப் பெயிண்ட் செலவை வருஷக் கணக்கில் பார்ப்போம்



"ஹாலுக்கு என்ன கலர் அடிக்கலாம்?" என்ற கேள்வியை யாராவது ஒரு ஆடிட்டர்கிட்ட கேட்பாங்களா? என்கிட்ட கேட்கிறாங்க. காரணம், கலர் கேள்விக்குப் பின்னாடியே இன்னொரு கேள்வி வரும்: "முப்பத்தஞ்சு, நாற்பதாயிரம் ஆகும்னு சொல்றாங்க. கிரெடிட் கார்டுல இ.எம்.ஐ. போட்டுடலாமா?"

முதல் கேள்விக்கு என் பதில் ரொம்ப சின்னது. வெளிர் நிறமா, லேசா மஞ்சள் அல்லது சந்தனச் சாயல் உள்ள ஹாஃப் ஒயிட், கிரீம், ஐவரி இதுல ஏதாவது ஒண்ணு அடிங்க. ஏன்னு கீழே சொல்றேன். ரெண்டாவது கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

அம்மா மாட்டின காலண்டர்

எங்க வீடு காரியாபட்டியில். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, தூத்துக்குடி போற ரோட்டுல இருக்கிற ஊர். முதல் வேலையில சேர்ந்து ஒரு வருஷம் ஆனதும், தீபாவளிக்கு முன்னாடி வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சே ஆகணும்னு நின்னேன். அம்மா ஒண்ணுதான் சொன்னாங்க: "மேல தட்டோடு விட்டிருக்குய்யா. மழை வந்தா அந்தச் செவரு ஓதம் இழுக்கும். மொதல்ல அதைப் பாரு."

நான் கேட்கல. மாடி வேலைக்குப் பணம் போட்டா யாருக்கும் தெரியாது. ஹால்ல பெயிண்ட் அடிச்சா வர்றவங்க எல்லாருக்கும் தெரியும். இருந்த சேமிப்பு மொத்தத்தையும் எடுத்து அழகான ஒரு கிரீம் கலர் அடிச்சேன். தீபாவளிக்கு வந்த சொந்தக்காரங்க எல்லாரும் பாராட்டினாங்க. கார்த்திகை மழை பெஞ்சது. ஹால் சுவத்துல முதல்ல ஒரு ஈரத் திட்டு, அப்புறம் கொப்புளம், அப்புறம் பெயிண்ட் தோல் மாதிரி உரிஞ்சு வந்தது.

அம்மா ஒரு வார்த்தை சொல்லல. சிவகாசியில் அடிச்ச பெரிய மாதக் காலண்டர் ஒண்ணை எடுத்து, அந்தத் திட்டு மேல மாட்டிட்டாங்க. ஜனவரி வந்ததும் காலண்டர் மாறிச்சு, ஆனா ஆணி இடம் மாறல. ரெண்டு வருஷம் கழிச்சு தட்டோட்டை எடுத்து மாடியைச் சரி பண்ணி, அதே சுவத்துக்கு மறுபடி பெயிண்ட் அடிச்சேன். ஒரே சுவத்துக்கு ரெண்டு தடவை கூலி. அந்தக் காலண்டர்கிட்டதான் நான் முதல் பாடம் படிச்சேன்: பெயிண்ட் என்பது வீட்டுக்குச் செலவு பண்ற கடைசி ரூபாய், முதல் ரூபாய் இல்லை.

முதலில் சுவரைப் படிங்க

பெயிண்டரைக் கூப்பிடறதுக்கு முன்னாடி மூணு விஷயத்தைப் பாருங்க. மூணுக்குமே செலவு கிடையாது.

*ஒண்ணு, ஓதம்.* ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் கவரை சுவத்துல வெச்சு, நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விடுங்க. எடுத்துப் பார்க்கும்போது கவரோட உள்பக்கம் நீர்த்துளி இருந்தா சுவர் இன்னும் காயல. அது மேல என்ன விலைப் பெயிண்ட் அடிச்சாலும் உரியும். கசிவு மாடியிலிருந்தா, பாத்ரூம் பைப்பிலிருந்தா, அஸ்திவாரத்திலிருந்தான்னு கண்டுபிடிச்சு, அதை அடைச்சு, சுவர் காயற வரைக்கும் காத்திருக்கணும்.

*ரெண்டு, விரிசல்.* எங்க பக்கம் கரிசல் மண். மழையில உப்பும், கோடையில சுருங்கி வெடிக்கும். அதுக்கு மேல நிக்கிற வீடும் சேர்ந்து அசையும். முடி மாதிரி மெல்லிசான விரிசல்னா பட்டி பார்த்து மூடிடலாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வா ஓடுற விரிசல், விரல் நகம் நுழையற அளவு விரிசல் இதெல்லாம் வேற. விரிசலோட ரெண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்துல தேதி எழுதி வைங்க. சில மாசத்துல கோட்டைத் தாண்டி ஓடியிருந்தா பெயிண்டரை விடுங்க; சிவில் இன்ஜினியரைக் கூப்பிடுங்க.

*மூணு, பழைய சுண்ணாம்பு.* ஊர்ல இருக்கிற நிறைய வீடுகள்ல பொங்கலுக்குப் பொங்கல் அடிச்ச சுண்ணாம்பு அடுக்கடுக்கா இருக்கும். சுண்ணாம்புக் கல்லைத் தாழியில் ஊறவெச்சு, கொதி அடங்கினதும் கொஞ்சம் நீலம் கலந்து அடிச்ச காலம். அது ஈரத்தை வெளியே விடும். எமல்ஷன் பெயிண்ட் அப்படி இல்லை. சுவர் மேல ஒரு மெல்லிய படலமா உட்காரும். தூள் தூளா உதிர்ற சுண்ணாம்பு மேல அந்தப் படலம் உட்கார்ந்தா, சுண்ணாம்போட சேர்ந்து மொத்தமா கழண்டு வரும். கையால தடவிப் பாருங்க. உள்ளங்கை வெள்ளையாச்சுன்னா, நல்லா சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடிச்ச பிறகுதான் பெயிண்ட். இந்தச் சுரண்டற கூலி கொட்டேஷன்ல இருக்கான்னு கேளுங்க. பாதி வேலையில "இது எக்ஸ்ட்ரா சார்"னு வர்றது பெரும்பாலும் இதுதான்.

பழைய கதவு, ஜன்னல்ல இருக்கிற எனாமல் பெயிண்டைச் சுரண்டினா குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீங்க. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுக்கு முந்தின பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு.

ஏன் வெளிர் நிறம்? ஆடிட்டர் சொல்ற காரணம்

மதுரை திருமலை நாயக்கர் மகால் 1636-ல் கட்டினது. அந்தத் தூண்களுக்கும் சுவர்களுக்கும் சுண்ணாம்போட முட்டை வெள்ளைக்கரு கலந்து மெருகேத்தினாங்க. செட்டிநாட்டு வீடுகள்லயும் அதே மாதிரி பூச்சு உண்டு. இன்னைக்கு ஷேட் கார்டுல "ஐவரி"ன்னு பேர் போட்டு விக்கிறதுக்கு ரொம்ப பக்கத்துல நிக்கிற நிறம். அதாவது இது புது ஃபேஷன் இல்லை; வெயில் கொளுத்துற நம்ம ஊருக்குப் பழகின நிறம்தான். பணக் கணக்குக்கு வருவோம்.

வெளிர் ஷேடுக்கு ஒயிட் பேஸ்ல கொஞ்சூண்டு கலர் சேர்த்தா போதும். அடர் நிறங்களுக்கு வேற பேஸ், அதிக நிறமி. லிட்டர் விலை கூடும். அடர் நிறத்திலிருந்து பின்னாடி மனசு மாறி வெளிர் நிறத்துக்கு வரணும்னா ரெண்டு கோட்டிங் போதாது, மூணு ஆகலாம்.

வெளிர் நிறம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். இதை அளக்க எல்.ஆர்.வி.ன்னு ஒரு எண் உண்டு. கருப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 100. நிறைய ஷேடுக்கு கம்பெனி இதைக் கொடுத்திருக்கும். ஜன்னல் கம்மியா இருக்கிற ரூமுக்கு இந்த எண் கூடுதலா இருக்கிற ஷேடை எடுத்தா, பகல்ல லைட் போட வேண்டியிருக்காது.

நாளைக்கு வீட்டை வாடகைக்கு விட்டாலும், வித்தாலும், யார் சாமான் உள்ளே வந்தாலும் அதோட ஒத்துப்போகும். கத்திரிப்பூ கலர் ரூமை யாராவது ஒருத்தருக்குத்தான் பிடிக்கும்.

குறையும் சொல்லிடறேன். அழுக்கு பளிச்சுன்னு தெரியும். குழந்தை கை, சுவிட்ச் பக்கம், சோபா உரசுற இடம் எல்லாம் ஆறே மாசத்துல காட்டிக்கொடுக்கும். அதனால் வெளிர் நிறம் எடுத்தா, ஈரத்துணியால துடைக்க முடியற தரத்துலதான் எடுக்கணும். இந்த ஒரு வரிதான் கீழே வர்ற கணக்கையே மாத்தப் போகுது.

கடையில் பார்த்து ஏமாறாதீங்க

ஷேட் கார்டுல ஒரு விரல் அளவு கிரீம். அதை நாலு சுவத்துக்கும் அடிச்சா மஞ்சள் தூக்கலா தெரியும். மேற்கு பார்த்த ரூம்ல சாயங்கால வெயில் பட்டா இன்னும் மஞ்சள். 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி. போட்டா அதே கிரீம் சோகை பிடிச்ச மாதிரி இருக்கும். 3000 கெல்வின் பல்பு போட்டா கோயில் விளக்கு மாதிரி கதகதப்பா தெரியும்.

அதனால் சின்ன டப்பா ஒண்ணு வாங்கி, ரெண்டு வேற சுவத்துல ரெண்டடிக்கு ரெண்டடி அடிச்சு, காலை, மத்தியானம், ராத்திரி மூணு நேரமும் பாருங்க. கலர் பிடிக்கலன்னா முதல்ல பல்பை மாத்திப் பாருங்க. பல்பு மாத்த சில நூறு ரூபாய்; சுவரை மாத்த பல ஆயிரம்.

இப்போ கணக்கு

முதல்ல பரப்பளவு. 10க்கு 12 ரூம், உயரம் 10 அடி. நாலு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. கதவுக்கு 21, ஜன்னலுக்கு 16 கழிச்சா 403. சீலிங் 120. ஆக 523. தரை 120 சதுர அடிதான். ஆனா பெயிண்ட் அடிக்கிற பரப்பு நாலு மடங்குக்கு மேல! "வீடு அறுநூறு சதுர அடிதானே"ன்னு நினைச்சுப் போனா கொட்டேஷன் பார்த்து மயக்கம் வரும். டேப் எடுத்து நீங்களே அளந்து வெச்சுக்கோங்க. கதவு, ஜன்னலைக் கழிக்கிறாரா, கழிக்காம போடறாரான்னு பெயிண்டர்கிட்ட முன்னாடியே பேசிடுங்க.

ஒரு சின்ன ரெண்டு பெட்ரூம் வீடு, சுவரும் சீலிங்கும் சேர்ந்து 2,600 சதுர அடின்னு வைங்க. ரெண்டு கோட்டிங்குக்கு லிட்டருக்கு 120 சதுர அடி வரும்னு எடுத்தா, 22 லிட்டர் வேணும். (டப்பா மேல போட்டிருக்கிற அளவைப் பாருங்க; சுவரைப் பொறுத்து மாறும்.) கூலி சதுர அடிக்கு 10 ரூபாய், அதாவது 26,000. பிரைமர், பட்டி, உப்புத்தாள், டேப் எல்லாம் 6,000. இந்த ரெண்டும் எந்தப் பெயிண்ட் எடுத்தாலும் மாறாது. விலைகள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். உங்க ஊர் ரேட்டைப் போட்டு மறுபடி கணக்குப் பாருங்க.

• சாதா எமல்ஷன்: லிட்டர் 180. பெயிண்ட் 3,960. மொத்தம் 35,960. மூணு வருஷம் தாங்கினா, வருஷத்துக்கு 11,987.

• நடுத்தரம், துடைக்கலாம்: லிட்டர் 300. பெயிண்ட் 6,600. மொத்தம் 38,600. அஞ்சு வருஷம் தாங்கினா, வருஷத்துக்கு 7,720.

• உயர்தரம்: லிட்டர் 550. பெயிண்ட் 12,100. மொத்தம் 44,100. ஏழு வருஷம் தாங்கினா, வருஷத்துக்கு 6,300.

பார்த்தீங்களா? முதலுக்கும் ரெண்டாவதுக்கும் இன்னைக்கு வித்தியாசம் வெறும் 2,640 ரூபாய். அதை மிச்சம் பிடிக்கப் போய், ரெண்டு வருஷம் முன்னாடியே மறுபடி 26,000 கூலி கொடுக்கிறோம். நாம பெயிண்டை வாங்கலை மக்களே. பெயிண்டரோட உழைப்பை வாங்கறோம். பெயிண்ட் அதுல சின்னப் பங்கு. சின்னப் பங்குல கஞ்சத்தனம் பண்ணா பெரிய பங்கு சீக்கிரமா திரும்ப வரும்.

அதுக்காக எல்லாரும் உயர்தரத்துக்கு ஓடணும்னு இல்லை. ரெண்டு வருஷத்துல வீட்டை இடிச்சுக் கட்டப் போறீங்கன்னா சாதா போதும். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுல ஏழு வருஷம் எந்தப் பெயிண்டும் அழகா இருக்காது, நடுத்தரம் போதும். உங்க வருஷத்தை நீங்க போடுங்க. எந்தப் பொருளுக்கும் இதே கேள்விதான்: விலை என்னன்னு கேட்காதீங்க, வருஷத்துக்கு என்ன ஆகுதுன்னு கேளுங்க.

கொட்டேஷனில் கவனிக்க வேண்டியது

1. கூலி தனி, பொருள் தனின்னு எழுதி வாங்குங்க. எந்தப் பெயிண்ட், எத்தனை கோட்டிங், பட்டி எத்தனை தடவை எல்லாம் அதுல இருக்கணும்.

2. பெயிண்டுக்கு ஜி.எஸ்.டி. 18%. பில்லோட வாங்குங்க. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத பெயிண்டர் தன் கூலி மேல ஜி.எஸ்.டி. வாங்க முடியாது.

3. பெயிண்ட் டப்பாவில் பெயிண்டருக்குன்னு டோக்கனோ ஸ்கேன் பண்ற கோடோ வர்ற வழக்கம் இந்தத் தொழில்ல உண்டு. அது அவருக்குக் கிடைக்கிற சலுகை, தப்பில்லை. ஆனா "இந்த பிராண்டுதான் நல்லது"ன்னு அவர் சொல்லும்போது இதையும் மனசுல வெச்சுக்கோங்க. 2024-ல் பிர்லா ஓபஸ் வந்த பிறகு போட்டி கூடியிருக்கு. ரெண்டு கடையில விலை கேட்காம வாங்காதீங்க.

4. முழுப் பணத்தையும் முன்னாடி கொடுக்காதீங்க. ஆரம்பத்துல ஒரு பங்கு, பாதியில ஒரு பங்கு, முடிஞ்சதும் மீதி. பத்து சதவீதத்தை ரெண்டு வாரம் கழிச்சுத் தர்றதா முன்னாடியே பேசிக்கோங்க.

5. ஷேட் பேர், கோட் எண், பேட்ச் எண் மூணையும் போட்டோ எடுத்து வைங்க. அரை லிட்டர் மீதி வைங்க. பின்னாடி ஒரு கீறலுக்காக முழுச் சுவரும் அடிக்க வேண்டி வராது.

எப்போ அடிக்கலாம்?

தீபாவளிக்கு முன்னாடியும் பொங்கலுக்கு முன்னாடியும்தான் எல்லாரும் அடிக்கிறாங்க. நம்ம பக்கம் வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அதாவது சுவர் ஈரமா இருக்கிற நேரத்துல, பெயிண்டருக்கு கிராக்கி உச்சத்துல இருக்கும்போது அடிக்கிறோம்! ஆடி மாசத்தை யோசிங்க. கல்யாணம், கிரகப்பிரவேசம் இல்லாததால பெயிண்டர் கிடைப்பார், கூலியும் பேசலாம். ஆடிக் காத்துல வெளிச்சுவத்துல தூசு ஒட்டும். உள்சுவருக்குப் பிரச்சினை இல்லை. இல்லைன்னா மாசி, பங்குனி.

பணம் எங்கேயிருந்து?

38,600 ரூபாயை 15% வட்டியில் 24 மாச பர்சனல் லோனா எடுத்தா, மாசம் சுமார் 1,872. மொத்தம் கட்டறது சுமார் 44,900. வட்டி மட்டும் 6,300. மேலே திரும்பிப் பாருங்க: வீடு முழுக்க வாங்கின பெயிண்டோட விலை 6,600. பேங்குக்கு இன்னொரு வீட்டுக்குப் பெயிண்ட் வாங்கிக் கொடுக்கிற மாதிரி. பிராசசிங் கட்டணமும் அது மேல ஜி.எஸ்.டி.யும் தனி. "நோ காஸ்ட்"ன்னு சொல்ற கார்டு இ.எம்.ஐ.யிலும் வட்டிப் பகுதி மேல ஜி.எஸ்.டி. வரும், ஸ்டேட்மென்ட்டைப் பாருங்க.

மாத்து வழி: இன்னைக்கு பெயிண்ட் அடிச்சு முடிச்ச அன்னைக்கே அடுத்த பெயிண்டுக்கு ஆர்.டி. ஆரம்பிங்க. செலவு வருஷம் 6% ஏறும்னு வெச்சா, 38,600 அஞ்சு வருஷத்துல 51,650 ஆகும். மாசம் 750 ரூபாய், 6.5% வட்டியில் அஞ்சு வருஷம் போட்டா சுமார் 53,200 கிடைக்கும். வட்டிக்கு உங்க ஸ்லாப் படி வரி உண்டு. எமர்ஜென்சி ஃபண்டுல கை வைக்காதீங்க. நான் வெச்சேன், அதனாலதான் அந்த மழைக்கு மாடியைச் சரி பண்ண கையில காசு இல்லாம, காலண்டர் ரெண்டு வருஷம் தொங்கிச்சு.

வரியில் கழிக்கலாமா?

சொந்த வீட்டுக்குக் கைக்காசு போட்டு அடிச்சா கழிவு எதுவும் இல்லை. ரிப்பேருக்குன்னு கடன் வாங்கினா, பழைய வரி முறையில் வட்டிக்கு வருஷம் 30,000 வரை கழிவு உண்டு; அதுவும் வீட்டுக்கடன் வட்டிக்கான 2 லட்சம் உச்சவரம்புக்குள்ளேதான். புது முறையில் நீங்க குடியிருக்கிற வீட்டுக்கு அது கிடையாது. வாடகைக்கு விட்ட வீடுன்னா, ரிப்பேர் செலவுக்கு பில் காட்டத் தேவையில்லை. எவ்வளவு செலவு பண்ணாலும், பண்ணாட்டியும் 30% ஸ்டாண்டர்டு கழிவுதான். வீட்டை விக்கும்போது, வழக்கமா அடிக்கிற பெயிண்டை "இம்ப்ரூவ்மென்ட்"னு சேர்க்க முடியாது. அது பராமரிப்புச் செலவு.

வாடகை வீட்டில் இருக்கிறவங்களுக்கு

சென்னை, கோவைன்னு போய் இருக்கிற நம்ம பசங்க அதிகமா பணம் விடறது இங்கேதான். காலி பண்ணும்போது "பெயிண்டிங்குக்கு ஒரு மாச வாடகை பிடிச்சுக்கறேன்"னு ஓனர் சொல்வார். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017-ல் வந்து, 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கு. அதன் இரண்டாம் அட்டவணையில் சுவருக்கு வெள்ளையடிக்கிறதும், கதவு, ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிக்கிறதும் ஓனர் பொறுப்புல இருக்கு. சாதாரணத் தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பில்லை. ஆனா ஒரு முக்கியமான "ஆனா" உண்டு: எழுத்துல வேற மாதிரி ஒப்பந்தம் போட்டிருந்தா அதுதான் பேசும். அதனால் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி பெயிண்டிங் வரியைத் தேடிப் படிங்க. குடி போற அன்னைக்கே ஒவ்வொரு சுவரையும் வீடியோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்புங்க. அந்த வீடியோவுக்கு விலை ஒரு மாச வாடகை.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுப்பாடம்

டேப் எடுத்து ஒரே ஒரு ரூமை அளங்க. ஒரு சுவத்துல பிளாஸ்டிக் கவர் ஒட்டுங்க. ஊர்ல இருக்கிற அம்மாவுக்கோ அப்பாவுக்கோ போன் போட்டு, "மாடியில தண்ணி எங்கே நிக்குது?"ன்னு கேளுங்க. அவங்களுக்குக் கட்டாயம் தெரியும். அவங்க சொல்ற இடத்துல முதல் ரூபாயைப் போடுங்க. கலரை அப்புறம் அவங்களோட உட்கார்ந்து எடுக்கலாம்.

எங்க ஹால்ல இப்பவும் அதே கிரீம் கலர்தான். சிவகாசி காலண்டரும் வருஷா வருஷம் வருது. ஆனா இப்போ அது அம்மா தேதி பார்க்க வசதியா, சமையலறை வாசல் பக்கத்துல தொங்குது.